பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லையா? பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறங்கள்

போன கார்த்திகையில் ஒருநாள், விடிகாலை மூன்றரை மணி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி அடுக்கி, தார்ப்பாய் கட்டி முடித்துவிட்டு சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினேன், மறுபடி ‘டக்’. வண்டி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செகண்ட் ஹேண்ட் டீசல் பிக்கப், எனக்கு முதல் வண்டி.

அடுத்த ஒரு வாரத்தில் புது பேட்டரி 7,400 ரூபாய், செல்ஃப் மோட்டார் (சாவி திருப்பினால் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) வேலை 2,300, ஒருநாள் டோ செய்ததற்கு 1,500, லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிய வாடகை 3,800. கூட்டினால் 15,000. கடைசியில் கோளாறு எதில் இருந்தது தெரியுமா? 280 ரூபாய் எர்த் கேபிளில்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு, எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்று நாலு பேரிடம் கேட்டு, என் வண்டியிலேயே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். புதிதாக லோடு வண்டி வாங்கியவர்கள் இந்த வரிசையில் போனால் என்னைப்போல் அழ வேண்டியதில்லை. பொலிரோ பிக்கப், தோஸ்த், ஏஸ் மாதிரி 12 வோல்ட் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐந்தாம் படி வரைக்கும் பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கும் பொருந்தும். ஆறாவது பெரும்பாலும் டீசலுக்கு.

விலைகள் நான் கொடுத்தவை, அல்லது எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டவை. உங்கள் ஊரில் நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும்.

1. முதலில் வண்டியையும் லோடையும் பாருங்கள்

நடுரோட்டில் நின்றுவிட்டால் ஹஸார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு ஒரு கல், பின்னால் தள்ளி எச்சரிக்கை முக்கோணம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கு அடிக்கலாம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பாதையை மறித்து நிற்கும் வண்டியை ஓரத்துக்கு எடுத்துவிட உதவி கேட்கலாம். உங்கள் ஊர் மெக்கானிக் கடை வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் டோ செலவு மிச்சம். என் பாலிசியில் அது இல்லை என்பதே வண்டி நின்ற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வண்டியைக் கட்டி இழுத்துப் போகும்போது வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), புகைச் சான்று நாலும் கையில் வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும்.

அழுகும் சரக்கு ஏற்றியிருந்தால் நான் இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: அரை மணி நேரம். அதற்குள் வண்டி எடுக்கவில்லையென்றால் கௌரவம் பார்க்காமல் வேறு வண்டிக்கு போன். அன்றைக்கு நான் ஏழு மணி வரை போராடிவிட்டு அதற்கு அப்புறம் கிளம்பினேன். தக்காளி விலை அதற்குள் இறங்கிவிட்டது.

2. சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுங்கள்

எல்லாக் கண்டுபிடிப்பும் இங்கேதான். பதற்றத்தில் நாம் கர்கர் என்று பத்து தடவை திருப்புவோம். கூடாது. ஒரு தடவை திருப்பி, என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். யாராவது உதவிக்கு இருந்தால் அவரைப் பானெட் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை: பேட்டரி முழுக்க இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது மெயின் ஃபியூஸ் போயிருக்கிறது. மூன்றாம் படிக்குப் போங்கள்.

விளக்கு எரிகிறது, திருப்பினால் ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாக அடிக்கிறது: பெரும்பாலும் பேட்டரியில் வலு இல்லை. இதுவும் மூன்றாம் படி.

விளக்கு எரிகிறது, ஒரே ஒரு ‘டக்’: இங்கேதான் ஏமாறுவோம். பேட்டரியாகவும் இருக்கலாம், கேபிளாகவும் இருக்கலாம், செல்ஃப் மோட்டாராகவும் இருக்கலாம். மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாகத்தான் போக வேண்டும். தாவக் கூடாது.

விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை: கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் முழுக்க மிதித்தீர்களா என்று முதலில் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சுக்குக் கீழே ஒரு சுவிட்ச் உண்டு. அதை மிதித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். காலடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் பெடலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அதனாலேயே வண்டி எடுக்காமல் நின்ற கதையும் உண்டு. சிரிக்காதீர்கள், அது என் கதைதான். பாட்டில் இல்லை, பெடல் முழுக்க இறங்குகிறது என்றால் ஸ்டார்ட்டர் ஃபியூஸ், ரிலே (கரண்டைத் திறந்து மூடும் குட்டி மின் சுவிட்ச்) இரண்டையும் பாருங்கள். அதற்குப் பிறகு ஐந்தாம் படி.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பேட்டரி, செல்ஃப் இரண்டும் நல்லவை. அவற்றுக்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காதீர்கள். நேராக ஆறாம் படி.

எதுவானாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் இருக்கிற பேட்டரியும் இறங்கும், செல்ஃப் மோட்டாரும் சூடேறிப் புகையும்.

3. பேட்டரியைப் பாருங்கள், உடனே வாங்காதீர்கள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் 300 முதல் 600 ரூபாய்க்கு எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். வண்டி வைத்திருப்பவர் கையில் ஜாக்கி மாதிரி அதுவும் இருக்க வேண்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்றிருந்தால் வாசிப்பு நம்பும்படி இருக்கும்:

12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்.
12.4: முக்கால்.
12.2: பாதி.
12.0க்குக் கீழே: இறங்கிப்போன பேட்டரி. சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

இது பாதிப் பரீட்சைதான். அசையாமல் நிற்கும்போது 12.6 காட்டும் பேட்டரிகூட உள்ளே செத்திருக்கலாம். அதனால் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அடிக்கும்போது 9.6க்கு மேலே நின்றால் பேட்டரி தேறிவிட்டது. சர்ரென்று 7, 6 என்று விழுந்தால் பேட்டரி போய்விட்டது, இல்லை சார்ஜ் இல்லை. ‘டக்’ மட்டும் வந்து, மீட்டர் 12ஐ விட்டு அசையவே இல்லையென்றால் பேட்டரி குற்றவாளியே இல்லை, கரண்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வரி எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் 7,400 ரூபாய் மிச்சம்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு அணைந்தாற்போல் மங்கினால் பேட்டரிப் பக்கம் சந்தேகம். கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் மேலே சொன்னதுதான்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் காயவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கையால் ஆட்டினால் டெர்மினல் அசையக் கூடாது. மூடி திறக்கிற ரகம் என்றால் தண்ணீர் அளவையும் பாருங்கள். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், ஆசிட் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம்.

ஜம்பர் கேபிள் போட்டு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்குவது என்றால் வரிசை இதுதான். சிவப்பு முதலில் உங்கள் பேட்டரி பிளஸ், பிறகு உதவும் வண்டியின் பிளஸ். கறுப்பு அந்த வண்டியின் மைனஸ், கடைசி முனை உங்கள் என்ஜினின் வெறும் இரும்பு. ஐந்து நிமிடம் அந்த வண்டியை ஓடவிட்டு அதன் பிறகு செல்ஃப் அடியுங்கள்.

லாரி டிரைவர் அண்ணன் உதவ வந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். பெரிய லாரி, பஸ் எல்லாம் 24 வோல்ட். இரண்டு பேட்டரியை வரிசையாக இணைத்திருப்பார்கள். அதன் மொத்தக் கரண்டையும் உங்கள் 12 வோல்ட் வண்டிக்குக் கொடுத்தால் ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) எரிந்துபோகும். அது பேட்டரி விலையில்லை, பல பேட்டரிகளின் விலை. நல்ல மனதோடுதான் வருவார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்: ‘பன்னெண்டு வோல்ட் வண்டி, வேண்டாம்ணே.’ கார், இன்னொரு பிக்கப் என்றால் பயமில்லை.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்றால், பழைய டீசலில் செய்யலாம். காமன் ரயில் வண்டியில், அதாவது ஈசிஎம் சொல்படி டீசல் பீய்ச்சும் புது ரக டீசலில், ஈசிஎம்முக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். டேஷ்போர்டு விளக்கே எரியாத வண்டியை ஊரே சேர்ந்து தள்ளினாலும் எடுக்காது. இரண்டாம் கியர் போதும். லோடோடு இறக்கத்தில் உருட்டாதீர்கள், என்ஜின் ஓடாதபோது பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும், வண்டி எளிதில் நிற்காது.

சார்ஜ் போட வேண்டும் என்று தெரிந்தால் பேட்டரிக் கடையில் 100, 150 ரூபாய். மெதுவாக ஏற்ற ஓர் இரவு ஆகும். ‘ரெண்டு மணி நேரத்துல ஏத்தித் தர்றேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

4. கேபிளும் எர்த்தும்: நான் ஏமாந்த இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்னை ஏமாற்றியது ஆள் இல்லை, சரியாகச் செய்த ஒரு வேலை.

அன்று மார்க்கெட்டில் இன்னொரு பிக்கப்காரர் ஜம்பர் போட்டார். மேலே சொன்ன வரிசைப்படியே, கறுப்பு முனையை என் என்ஜினின் இரும்பில் கவ்வவிட்டார். ஒரே அடியில் வண்டி எடுத்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் ‘பேட்டரி டெட்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் மதியமே புதுசு வாங்கி, பழையதைக் கொடுத்து 1,200 ரூபாய் கழித்துக்கொண்டேன். அது நல்ல பேட்டரி என்பது பின்னால்தான் தெரிந்தது. போனது போனதுதான்.

மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மறுபடி ‘டக்’. இந்த முறை லோடு வேறு வண்டியில் போனது, என் வண்டி டோவில் போனது. ஒர்க்‌ஷாப்பில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன், புஷ் மாற்றி மாட்டினார்கள். எடுத்தது. மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் மறுபடி ‘டக்’.

திண்டுக்கல் ரோட்டில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் தலையில் வைத்தார், இன்னொன்றை என்ஜின் பிளாக்கில் வைத்தார். ‘அடி தம்பி’ என்றார். அடித்தேன். மீட்டர் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ‘இது அரைக்குள்ள இருக்கணும்’ என்றார். பத்தே நிமிடம். கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் கேபிளை உருவிக் காட்டினார். மேலே கறுப்பு உறை பளபளவென்று இருந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகிவிட்டது. நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் பிடிபட்டது. செல்ஃப் மோட்டாருக்குப் பிளஸ் மட்டும் போதாது, கரண்ட் திரும்பி வரவும் வழி வேண்டும். அந்த வழி என்ஜின் இரும்பு, எர்த் கேபிள், சேஸிஸ், பேட்டரி மைனஸ். ஜம்பரின் கறுப்பு முனையை என்ஜினில் கவ்வவிட்டபோது செத்த எர்த்துக்குப் பதில் அந்த ஜம்பரே எர்த் ஆகிவிட்டது. அதனால்தான் எடுத்தது. செல்ஃபைக் கழற்றி மாட்டியபோது அதே போல்ட்டில் இருந்த எர்த் கேபிளும் அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டது. அதனால்தான் மூன்று நாள் ஓடியது.

நீங்களே செய்து பார்க்க:

மைனஸ் பக்கம்: மீட்டர் ஒரு முனை பேட்டரி மைனஸ் தலை (கேபிளின் கவ்வி இல்லை, பேட்டரியின் ஈயத் தலை), மறுமுனை என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பு. செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 0.2 என்றால் இன்னும் நல்லது.

பிளஸ் பக்கம்: ஒரு முனை பேட்டரி பிளஸ் தலை, மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட். இதுவும் அடிக்கும்போது 0.5க்குள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஃபேன் பெல்ட் பக்கம் வேட்டி, துண்டு, கை எதுவும் போகக் கூடாது.

மீட்டர் இல்லாத இடத்தில்: நல்ல தடித்த ஜம்பர் கேபிளின் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு முனை உங்கள் பேட்டரி மைனஸிலும் மறுமுனை உங்கள் என்ஜின் இரும்பிலும் மாட்டுங்கள். வேறு வண்டி வேண்டாம். இப்போது செல்ஃப் அடித்தால் வண்டி எடுக்கிறதா? எர்த்தேதான். இப்படியே வீடு வரைக்கும் போய்விடலாம் என்று கேபிளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் கழற்றிவிட்டு, வழியில் நிறுத்தாமல் நேராகக் கடைக்குப் போங்கள்.

புது எர்த் கேபிள் 250 முதல் 400, கூலி 100, அரை மணி நேரம். மாட்டும் இடத்தில் துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டாமல் மாட்டினால் புதுக் கேபிளும் பழைய கதைதான்.

5. செல்ஃப் மோட்டார்

பேட்டரி தேறி, இரண்டு பக்கக் கேபிளும் தேறி, அப்போதும் ‘டக்’ என்றால் செல்ஃப்தான். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்பேனர் பிடியால் செல்ஃபின் உடம்பில் லேசாகத் தட்டினால் பல நேரம் எடுத்துவிடும். கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சுத்தியல் வேண்டாம், உள்ளே காந்தம் உடையும். தட்டி எடுத்த வண்டி இரண்டு நாள் ஓடலாம், இருபது நாளும் ஓடலாம். அதை நம்பி கேரளா லோடு பிடிக்காதீர்கள்.

சத்தமே வராத வண்டியில், செல்ஃபில் இருக்கும் மெல்லிய ஒயருக்குச் சாவி திருப்பும்போது 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செல்ஃப் மேலேயே இருக்கும் மின் சுவிட்சான சோலினாய்டு. வராவிட்டால் ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். கார்பன், புஷ், சோலினாய்டு எல்லாம் சேர்த்து ரிப்பேருக்கு 1,500 முதல் 3,000, அரை நாள் வேலை. புது மோட்டார் அதைப்போல் பல மடங்கு. ரிப்பேர் ஆகாது என்று சொன்னால் இன்னொரு கடையில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. சுற்றுகிறது, பிடிக்கவில்லை

முதலில் டீசல். முள்ளை நம்பாதீர்கள். பழைய வண்டியில் கால் டேங்க் காட்டிக்கொண்டே காலியாகும். மேட்டில் சாய்த்து நிறுத்தியிருந்தால் கொஞ்சமாக இருக்கும் டீசல் குழாய்க்கு எட்டாது. ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது உலகத்திலேயே மலிவான பரிசோதனை.

அப்புறம் சைலன்ஸரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே மெக்கானிக்கிடம் பாதி நேரம் மிச்சம்.

புகை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும். டேங்க் காலியாகி ஓடி நின்ற வண்டி, புதிதாக ஃபில்டர் மாற்றிய வண்டி இரண்டிலும் இதுதான். ஃபில்டர் பக்கத்தில் கைப் பம்ப் இருக்கிறதா பாருங்கள். ஏர் ஸ்குருவை ஒரு சுற்று தளர்த்தி, பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். நுரை வரும், பிறகு குமிழி வரும், பிறகு சுத்தமாக டீசல் வரும். அமுக்கிய நிலையிலேயே ஸ்குருவை முடுக்குங்கள். பம்ப் கல் மாதிரி இறுகும் வரை இன்னும் இருபது முப்பது தடவை. மின்சாரப் பம்ப் உள்ள வண்டியில் சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்து சில விநாடி விட்டு அணைப்பதை நாலைந்து தடவை செய்யுங்கள்.

ஃபில்டரின் அடியில் ஒரு திருகு உண்டு, தண்ணீர் வடிக்க. வெறும் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். டீசல் மட்டும் வரும் வரை வடியுங்கள். நான் ஒருமுறை தோட்டத்து டிரம்மிலிருந்து டீசல் ஊற்றினேன், மழைத் தண்ணீர் கலந்திருந்தது. பங்க் விலைக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று வாங்கியதற்கு ஃபில்டர் செலவு வேறு. ஃபில்டர் 400 முதல் 900 வரை, வண்டியைப் பொறுத்தது.

இங்கே இரண்டு செய்யக் கூடாதவை. ஒன்று, காமன் ரயில் வண்டியில் இன்ஜெக்டருக்கு (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் இரும்புக் குழாயைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பது. பழைய டீசலில் எல்லோரும் செய்த வேலைதான். ஆனால் காமன் ரயிலில் ஓடும்போது அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அப்படிப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஏர் எடுப்பதெல்லாம் ஃபில்டர் பக்கம் மட்டும். இரண்டு, ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி வைப்பது, ஸ்பிரே அடிப்பது. ‘ஒரு அடில புடிச்சுக்கும்’ என்பார்கள். ஹீட்டர் பிளக் (குளிரில் எடுக்க என்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) சூடாக இருக்கும் என்ஜினில் அது வெடித்தால் பிஸ்டன் வரை போகும்.

ஹீட்டர் பிளக் என்றதும் ஞாபகம்: சமவெளியில் அது போனதே பலருக்குத் தெரியாது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் விடிகாலையில் மட்டும் எடுக்க மறுத்து, வெயில் ஏறியதும் எடுத்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

பழைய மெக்கானிகல் பம்ப் வண்டி என்றால் பம்பில் இருக்கும் ஸ்டாப் சோலினாய்டைப் பாருங்கள். சாவி ‘ஆன்’ செய்தால் ‘கிளிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் வர வேண்டும். அந்த ஒயர் கழன்றாலே வண்டி எடுக்காது.

புது வண்டிகளில் கரண்ட் பக்கம் நிறைய உண்டு. சாவி ‘ஆன்’ செய்யும்போது மஞ்சள் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஈசிஎம்முக்குக் கரண்ட் இல்லை, மெயின் ரிலேயும் ஃபியூஸும் பாருங்கள். போன ஃபியூஸுக்கு அதே ஆம்பியர்தான் போட வேண்டும். சிகரெட் அட்டை ஜிகினாவைச் சுற்றி மாட்டும் வித்தையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஒயரே பற்றி எரியும். சாவி படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் (திருட்டுச் சாவிக்கு எடுக்கவிடாத பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். வண்டி வாங்கும்போதே இரண்டு சாவியும் கேட்டு வாங்கச் சொல்வது இதற்குத்தான்.

எலி. காய்கறி ஏற்றும் வண்டிக்கு இது பெரிய சத்துரு. பானெட்டுக்குள் வெங்காயத் தோல், புழுக்கை தெரிந்தால் டார்ச் அடித்து ஒயர் முழுக்கப் பாருங்கள். என்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் ஒயரைக் கடித்துவிட்டால் என்ஜின் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. முன்னவர் கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை கட்டாதபோது வண்டியைத் தூரத்திலிருந்தே நிறுத்த ஜிபிஎஸ்ஸோடு ஒரு கட் ஆஃப் ரிலே வைத்திருக்க வாய்ப்புண்டு. கடன் முடிந்தாலும் அந்தப் பெட்டி டேஷ்போர்டுக்குள் கிடக்கும். ரிலே பழுதானால் செல்ஃபுக்கோ பம்புக்கோ போகும் ஒயர் அறுந்த மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேப் சுற்றிய புது ஒயர் தெரிந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஆனால் நீங்களாக அறுத்து எறிவதற்கு முன் ஆர்சியில் கடன் கொடுத்தவர் பெயர் நீங்கியிருக்கிறதா, கடன் முடிந்ததற்குக் கடன் கொடுத்தவர் தரும் என்ஓசியும் படிவம் 35ம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் நிலுவையில் இருக்கும்போது கை வைத்தால் பிரச்சினை வேறு திசையில் போகும்.

7. மெக்கானிக்கிடம் போகும்போது

‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘செல்ஃப் நல்லா சுத்துது, புகை வரல, ஏர் எடுத்துப் பார்த்துட்டேன்’ என்று சொல்லுங்கள். பேரமே மாறிவிடும்.

காமன் ரயில் வண்டி என்றால் எதையும் கழற்றும் முன் ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள், 300 முதல் 800 கேட்பார்கள். திரையில் இரண்டை நீங்களும் எட்டிப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர். ரயில் பிரஷர் ஏறக்குறைய 200, 300 பாருக்கு ஏறவில்லையென்றால் பம்ப், இன்ஜெக்டர், கசிவு என்று ஏதோ ஒன்று. இன்ஜெக்டர் வேலை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் போகும், இரண்டு மூன்று நாள் ஆகும். நாலையும் ஒரேயடியாக மாற்றச் சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள்.

கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. என் எர்த் கேபிளை இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது ‘பேட்டரிதான்’ என்று அடித்துப் பேசினால் எடுத்துக் காட்ட.

பேட்டரி வாங்கியே ஆக வேண்டும் என்றால் பில்லும், தேதி போட்டுக் கடை முத்திரை குத்திய வாரன்டி அட்டையும் இரண்டும் வேண்டும். அட்டையில் பேட்டரியின் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். 36 மாதம் என்று எழுதியிருந்தாலும் எத்தனை மாதம் முழு மாற்று, எத்தனை மாதம் தள்ளுபடி விலையில் மாற்று என்று பிரித்துக் கேளுங்கள். வணிக வண்டிக்கு வாரன்டிக் காலம் வேறாகவும் இருக்கலாம். க்ளெய்ம் கொண்டுபோனால் ஓரிரு நாள் வைத்துச் சார்ஜ் போட்டுத்தான் முடிவு சொல்வார்கள், அதுவரை மாற்றுப் பேட்டரி தருவார்களா என்பதையும் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

8. வண்டி எடுத்த பிறகு

ஓடும் வண்டியில் பேட்டரித் தலையில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் போடுகிறது. 13க்குக் கீழே என்றால் பெல்ட்டைப் பாருங்கள், இல்லையென்றால் நாளைக் காலையில் மறுபடி இதே கதை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், அது புது பேட்டரியையும் கொதிக்க வைத்துவிடும். சில இடங்களில் ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ டெஸ்ட்’ செய்வார்கள். ஈசிஎம் உள்ள வண்டியில் அதற்கு ஒருபோதும் விடாதீர்கள்.

சார்ஜும் சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் இரவு நின்றால் காலையில் இறங்கிவிடுகிறது என்றால் எதுவோ கரண்ட் தின்கிறது. சாவியை எடுத்து, கதவு மூடி, அரை மணி நேரம் கழித்து மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். 0.05க்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது விழுகிறதோ அந்த லைன். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் காலி. என் வண்டியில் அது முன்னவர் பாடியைச் சுற்றிப் போட்டிருந்த நீல எல்இடி பட்டை. அழகுக்காகத்தான் போட்டிருக்கிறார். கழற்றி வீட்டு வாசலில் மாட்டிவிட்டேன், பிள்ளையார் மாடத்துக்கு.

இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன்: மல்டிமீட்டர், தடித்த ஜம்பர் கேபிள், 10, 13ஆம் நம்பர் ஸ்பேனர், நாலு ஆம்பியர் வகையில் ஃபியூஸ், உப்புத்தாள், டார்ச், ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், இன்னொரு எர்த் கேபிள். எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. ஜம்பர் கேபிள் மட்டும் விலை பார்த்து வாங்காதீர்கள். 250 ரூபாய்க்கு விற்கும் ஒல்லிக் கேபிளில் உறைதான் தடிமன், உள்ளே செம்பு இருக்காது, செல்ஃப் அடித்தால் கையைச் சுடும்.